முட்டி மாற்றிய பிறகு எங்கே போவது?

அம்மாவுக்கு இடது முட்டி மாற்றிய மறுநாள் காலை, பிசியோ சிகிச்சையாளர் கட்டிலருகே வந்து நான்கு கேள்வி கேட்டார். உங்கள் புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்குமா? கழிவறை வாசலில் படி உண்டா? மேலே உட்காரும் கழிவறையா, குந்தி உட்காருவதா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? அம்மா என்னைப் பார்த்தார். கால் முழுக்கக் கட்டுடன் படுத்திருப்பவரிடம் எதற்கு வீட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று எனக்கும் அப்போது புரியவில்லை.

மூன்று நாள் கழித்து அம்மா எங்கே போகப்போகிறார் என்பது அந்தக் கேள்விகளுக்கு நாங்கள் சொன்ன பதிலில்தான் இருந்தது. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நாலறை வீடு, லிஃப்ட் எங்கள் மாடியிலேயே நிற்கும், கழிவறை வாசலில் ஒரு சின்னப் படி, அப்பா ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறார். சரி, வீட்டுக்கே போகலாம் என்றார்கள். நான்காம் நாள் அம்மா வீட்டில் இருந்தார். எங்களுக்கு மனத்தாங்கல். இவ்வளவு பெரிய ஆபரேஷன், அதற்குள் அனுப்பிவிட்டார்களே, கட்டில் காலியாக வேண்டும் என்று துரத்துகிறார்களோ என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

இப்போது நம்பவில்லை. முட்டி மாற்றியவர்களின் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி, "எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வார்கள்?" என்பது. அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறு: ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு வரும் ஆறு வாரத்தில், அந்த முட்டியை ஒரு நாளைக்கு எத்தனை முறை, யார் பார்க்க, எந்த இடத்தில் மடக்கி நீட்டப்போகிறோம்? ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முட்டி உருவாவது அந்த ஆறு வாரத்தில்தான்.

முட்டிக்குள் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். தேய்ந்துபோன தொடை எலும்பின் நுனியையும் முட்டிக்குக் கீழுள்ள எலும்பின் தலையையும் சில மில்லிமீட்டர் சீவி எடுத்துவிட்டு, மேலே கோபால்ட் குரோமியம் கலந்த உலோகத் தொப்பி, கீழே பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, நடுவில் வழுவழுப்பான பாலிஎதிலீன் என்று பொருத்துகிறார்கள். உலோகம் அன்றே உறுதியாகிவிடும். அதனால்தான் அன்று மாலையோ மறுநாளோ எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். நிற்பதால் மூட்டு கழன்றுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. சிக்கல் உலோகத்தில் வராது, அதைச் சுற்றியுள்ள சதையில்தான் வரும். வெட்டிய இடத்தில் வீக்கம், வீக்கத்தில் வலி, வலியால் அசையாமை, அசையாமல் வைத்தால் உள்ளே தழும்புத் திசு இறுகும். இறுகிய பிறகு மடக்குவது மிகக் கடினம். சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே மடக்கிவிட வேண்டிவரும். முதல் சில வாரத்துக்கு ஏன் இத்தனை அவசரம் என்றால் இதனால்தான்.

நடக்க ஏறத்தாழ 60, 65 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படி ஏற 80, 90 வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 90க்கு மேல். தாழ்வான சோஃபா என்றால் இன்னும் கூடுதல். சம்மணம் போட 130ஐத் தாண்ட வேண்டும், மாற்று முட்டிகளில் பெரும்பாலானவை 110, 120க்குப் பக்கத்தில் நின்றுவிடும். கோயில் தரையில் உட்கார்ந்து பஜனை கேட்டவர்களுக்கும், பந்தியில் அமர்ந்து சாப்பிட்டுப் பழகியவர்களுக்கும் இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. வலி போனதில் அவருக்கு எவ்வளவு மகிழ்ச்சியோ, சுவாமி முன்னால் தரையில் உட்கார முடியாததில் அவ்வளவு வருத்தம்.

மடக்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள், நீட்டுவதை மறந்துவிடுவார்கள். நாங்களும் மறந்தோம். வீட்டுக்கு வந்த அன்று அம்மா வலிக்கிறது என்றதும், அப்பா அன்போடு ஒரு தலையணையை எடுத்து முட்டிக்கு அடியில் வைத்தார். சுகமாக இருந்தது. பத்து நாள் அப்படியே தூங்கினார். முதல் மறுபரிசோதனையில் சிகிச்சையாளர் கோணமானியை வைத்துப் பார்த்தார். மடக்கு 84, பரவாயில்லை. ஆனால் கால் நேராக நீளவில்லை, 12 டிகிரி மடங்கியே நின்றது. அப்படியே விட்டால் வாழ்நாள் முழுக்க லேசாக விந்தித்தான் நடக்க வேண்டும். தலையணையை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். முட்டிக்கு அடியில் காற்றுதான் இருக்க வேண்டும், அதன் கனத்திலேயே முட்டி கீழே அமர வேண்டும். ஒரு நாளைக்குப் பல முறை, பத்துப் பத்து நிமிடம். அம்மாவுக்குக் கண்ணில் நீர் வரும். நேராக நீள ஐந்து வாரம் பிடித்தது. ஒரு தலையணை பறித்த ஐந்து வாரம் அது.

வீட்டில் குணமாவதன் ஆபத்து இதுதான், தவறைப் பார்த்துச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. அப்படியென்றால், சில வாரம் தங்கிப் பயிற்சி எடுக்கும் சமூக மருத்துவமனைதான் எல்லோருக்கும் நல்லதா?

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்து, 2017இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், முட்டி மாற்றிய 165 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் பத்து நாள் மறுவாழ்வு மருத்துவமனையில் தங்கிப் பயிற்சி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் வீட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். இன்னொரு பிரிவினர் நேராக வீட்டுக்குப் போய் அதே வீட்டுப் பயிற்சியைச் செய்தார்கள். 26 வாரம் கழித்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்த்தபோது இரு பிரிவினரும் 400 மீட்டரை ஒட்டியே நடந்தார்கள். வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். ஆபரேஷனில் சிக்கல் எதுவும் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வு அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டு பிரிவிலும் வீட்டுப் பயிற்சி இருந்தது என்பது அதைவிட முக்கியம். வீட்டுக்குப் போய்ச் சும்மா படுத்திருந்தவர்கள் அந்த ஆய்வில் இல்லை.

முன்பெல்லாம் காலை வைத்துத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரம் ஒன்றைக் கட்டிலில் பொருத்துவார்கள். "எங்க அக்காவுக்கு மெஷின் வச்சாங்க, உங்களுக்கு வைக்கலையா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அதனால் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு டிகிரி அளவுதான் என்று தெரிந்தது. எனவே இப்போது வழக்கமாக வைப்பதில்லை. நம் தசை வேலை செய்தால்தான் முட்டிக்குப் பலன்.

சிங்கப்பூரில் இருக்கும் இடங்கள்

பொது மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்து, சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு முதல் நான்கு நாளில் அனுப்பத் தயாராகிவிடுவார்கள். உடல்நிலை நன்றாக உள்ள சிலரை அதற்கும் முன்பே அனுப்புகிறார்கள். கட்டிலிலிருந்து எழுவது, வாக்கரைப் பிடித்துக் கழிவறைக்குப் போய் வருவது, தேவையென்றால் சில படி ஏறி இறங்குவது, வலி மாத்திரைக்கு அடங்குவது, காயம் காய்ந்திருப்பது, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். முட்டி குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இனி மருத்துவமனையில் மட்டுமே செய்யக்கூடிய வேலை மிச்சமில்லை என்று பொருள்.

அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று வீடு. தையலையோ கிளிப்பையோ இரண்டு வாரம் வாக்கில் பலதுறை மருந்தகத்தில் எடுத்துக்கொள்ளலாம், பிசியோவுக்கு மருத்துவமனைக்குத் திரும்பப் போக வேண்டும், இடைப்பட்ட நாளெல்லாம் சொந்தப் பயிற்சி. வெளியே போய்வரத் துணையில்லாதவர்களுக்கு அழைத்துச் செல்லும் சேவைகள் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பகல்நேர மறுவாழ்வு நிலையத்துக்கு வாரத்தில் சில நாள் போய்வருவதும் ஒரு வழி. இந்த நிலையங்களைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய மனம் வராதவர்களுக்கு இவை மிகப் பொருத்தம். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் மூலமோ மருத்துவமனை மூலமோ ஏற்பாடு செய்யலாம்.

இன்னொரு வழி சமூக மருத்துவமனை. பெயரைக் கேட்டதும் முதியோர் இல்லம் என்று நினைப்பவர்கள் அதிகம். அம்மாவின் தோழி ஒருவர், "என்னைக் கொண்டுபோய் விட்டுட்டாங்க" என்று அழுதாராம். சமூக மருத்துவமனை, திரும்பி வருவதற்காகப் போகும் இடம். முட்டி மாற்றியவர்கள் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் தங்குவார்கள். பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இவை இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கூ டெக் புவாட் மருத்துவமனைக்குப் பக்கத்தில் யீஷூன் சமூக மருத்துவமனை, இங் டெங் ஃபோங் மருத்துவமனையை ஒட்டி ஜூரோங் சமூக மருத்துவமனை, செங்காங்கில் இரண்டும் ஒரே வளாகத்தில், ஊட்ரம் வளாகத்தில் சிங்கப்பூர் பொது மருத்துவமனையோடு ஊட்ரம் சமூக மருத்துவமனை. நொவீனாவில் ரென் சீ, சீமெய்யில் செயின்ட் ஆண்ட்ரூஸ், புக்கிட் பாத்தோக்கில் செயின்ட் லூக்ஸ், பிறகு எங்கள் வட்டாரத்தில் அங் மோ கியோ தை ஹுவா குவான். ஜூரோங்கில் வீடு, எம்ஆர்டி ரயில் பெட்டி, பேருந்து போன்றவற்றின் மாதிரியை அமைத்து அதில் ஏறி இறங்கப் பழக்குகிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாழ்ந்து பேருந்தில் போகிறவருக்கு வேண்டிய பயிற்சி அதுதானே.

நேரடியாகப் போய்ச் சேர்ந்துகொள்ள முடியாது. வார்டு மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும், பயிற்சியால் முன்னேற்றம் கிடைக்கும் என்று தெரிய வேண்டும், கட்டில் காலியாக வேண்டும். ஆகவே நான்காம் நாள் காலை "வீட்டில் யாரும் இல்லையே" என்று கையைப் பிசைவதில் பயனில்லை. தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

யார் எதற்குப் போகலாம் என்பதில் எனக்கு இப்போது ஒரு தெளிவு உண்டு. இரண்டு முட்டியையும் ஒரே நேரத்தில் மாற்றியவர், தனியாக வாழ்பவர், தன்னைவிட உடல்நலம் குன்றிய கணவனோ மனைவியோ உள்ளவர், முன்பே பக்கவாதமோ பார்க்கின்சன் நோயோ உள்ளவர், ஆபரேஷனுக்கு முன்பே வீட்டுக்குள் நடக்கச் சிரமப்பட்டவர், இவர்களெல்லாம் சமூக மருத்துவமனையைக் கேட்கத் தயங்கக் கூடாது. மற்றவர்கள் வீட்டுக்குப் போவதைத் துரத்தல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984இல் வந்த மெடிசேவ் மருத்துவச் சேமிப்பையும், 2015 நவம்பர் 1 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியையும் ஆபரேஷனுக்கும், விதிகளுக்கு உட்பட்டுச் சமூக மருத்துவமனையில் தங்குவதற்கும் பயன்படுத்தலாம். சமூக மருத்துவமனையின் அரசு மானியம், குடும்ப வருமானத்தைத் தலைக்குப் பிரித்துப் பார்த்துத்தான் முடிவாகும். வருமானமே இல்லாத வீடு என்றால் வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகையைப் பார்ப்பார்கள். அதனால் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களுக்கும் வேறு வேறு கட்டணம் வரும். அடுத்த வீட்டுக்காரர் சொன்ன தொகையை நம்பாமல், வார்டில் உள்ள மருத்துவ சமூக சேவையாளரிடம் நம் கணக்கைக் கேட்பது நல்லது.

வீட்டைத் தயார் செய்வது

அம்மா வருவதற்கு முன் நாங்கள் செய்தது, கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கியது. செய்திருக்க வேண்டியது கழிவறை.

முட்டி மாற்றியவர் விழுந்தால் எல்லாம் பாழ். வீட்டுக்குள் விழ அதிக வாய்ப்புள்ள இடம் ஈரமான கழிவறைத் தரையும் அதன் வாசல் படியும்தான். வீவகவின் 'ஈஸ்' திட்டம் 2012இல் இதற்காகவே வந்தது. கைப்பிடிக் கம்பிகள், தரை வழுக்காமல் இருக்கச் செய்யும் பூச்சு, சாய்தளம் போன்றவற்றைப் பொருத்தித் தருவார்கள். 2024 ஏப்ரல் முதல் மடக்கும் குளியல் இருக்கை போன்றவையும் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. வீட்டில் 65 வயதானவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயதானவருக்கு அன்றாட வேலைகளில் உதவி தேவை என்றாலும் உண்டு. குடிமக்கள் வீட்டுக்கு, வீட்டின் அளவைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடுதான் நாம் கட்ட வேண்டியது. ஆனால் விண்ணப்பித்து, ஆள் வந்து, பொருத்தி முடிக்க நாளாகும். ஆபரேஷன் தேதி கையில் கிடைத்த அன்றே விண்ணப்பிக்க வேண்டிய காரியம் இது. குளியல் நாற்காலி, கமோடு நாற்காலி, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, வருமானத்தைப் பொறுத்து மூத்தோர் நடமாட்ட நிதி 90 விழுக்காடு வரை தரும். சிகிச்சையாளர் மதிப்பிட்டு எழுதித் தர வேண்டும்.

லிஃப்ட் விஷயத்தில் இப்போது பெரும்பாலோருக்குக் கவலையில்லை. பழைய புளோக்குகளில் சில மாடிகளில் மட்டும் நிற்கும் லிஃப்டைப் பிடிக்க ஒன்றிரண்டு மாடி ஏறி இறங்கிய காலம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2001இல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டத்தால் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. சில புளோக்குகளில் மட்டும் இன்னும் வழியில்லை. அங்கே இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

படி ஏற ஒரு விதி சொல்லிக் கொடுப்பார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கைத்தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும், நம்மில் பலர் வலிக்கிற பக்கம் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடப்பார்கள். செருப்பில்லாமல் நடந்து பழகிய நமக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வாரத்துக்குக் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் காலணி வேண்டும். கோயில் வாசலில் கால் கழுவிவிட்டு ஈரக் கல்லில் வெறுங்காலோடு நடப்பதை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். வெளியில் நின்று கும்பிட்டாலும் சாமிக்குத் தெரியும்.

வீட்டுக்கு வருகிறவர்களின் அறிவுரை ஒரு தனிப் பிரச்சினை. "காலை அசைக்காதே, நல்லா ரெஸ்ட் எடு" என்று சொல்லாத உறவினர் இல்லை. எல்லாம் அன்பால் சொல்வது. ஒருவர் கெண்டைக்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கி அழுத்தித் தேய்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். இதை மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு கால் நாளத்தில் ரத்தம் கட்ட வாய்ப்புண்டு, அதற்காகத்தான் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தருகிறார்கள். ரத்தம் கட்டியிருக்கும் காலை அழுத்தித் தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 995ஐ அழைக்க வேண்டும். காயத்தில் நீர் கசிவது, சிவப்பு பரவுவது, காய்ச்சல் இவையும் காத்திருக்கக் கூடாதவை.

பணிப்பெண் உள்ள வீட்டில் வேறு மாதிரி. எங்கள் உறவினர் வீட்டில் பணிப்பெண் மிகப் பொறுப்பானவர். தண்ணீர் கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து கொடுப்பார், சாப்பாடு கட்டிலுக்கே வரும், குளிப்பாட்டி உடுத்திவிடுவார். ஆறு வாரத்தில் அந்த அத்தையின் முட்டி 70 டிகிரியோடு இறுகிப்போயிருந்தது. அந்தப் பெண்ணின் மேல் எந்தத் தவறும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் வார்டிலேயே பராமரிப்பாளருக்குப் பயிற்சி தருவார்கள். மகனோ மகளோ போய்க் கேட்டுவிட்டு வந்தால் போதாது, பகலெல்லாம் கூட இருக்கப்போகிறவர் போக வேண்டும். பக்கத்தில் நிற்க வேண்டும், விழாமல் பார்க்க வேண்டும், எழுந்து போய்த் தண்ணீர் எடுப்பதை அவரே செய்யட்டும் என்று விட வேண்டும் என்பதை அவர் காதால் கேட்க வேண்டும்.

"பரவாயில்லை" என்ற சொல்

தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வார்டில் தாதியர் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணால் சொல்லச் சொல்வார்கள். அம்மா, "பரவாயில்லை" என்பார். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று பழகிய வாய் அது. பக்கத்திலிருந்து நான், "கொஞ்சம்தான் வலிக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தேன். மூன்று என்று எழுதிக்கொண்டு போனார்கள். கொடுத்த மருந்து அதற்கேற்ப. அரைமணி கழித்துப் பிசியோ வந்து மடக்கச் சொன்னால், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பையே இறுக்கினார். முட்டி அசையவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு மலாய்த் தாதி, "பெலான்-பெலான், மக்சிக்" (மெதுவாக, அம்மா) என்று அம்மாவின் கையைப் பிடித்தபடி மடக்கிப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது மூன்று இல்லை" என்றார் என்னிடம். அன்று முதல் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னால் மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் முட்டி 20 டிகிரி கூடுதலாக மடங்கியது. மருந்தைக் குறைப்பது வீரம் என்று நம் ஆட்கள் நினைப்பது இந்த விஷயத்தில் முட்டிக்கு எதிரி. வீட்டுக்கு வந்த பிறகும் இதே முறைதான். மாத்திரை, அரைமணி, பயிற்சி, அப்புறம் ஐஸ் ஒத்தடம் பதினைந்து இருபது நிமிடம்.

மொழியும் ஒரு தடை. சிகிச்சையாளர்கள் பல நாட்டிலிருந்து வந்தவர்கள், அன்போடுதான் சொல்லித்தருகிறார்கள். நம் மூத்தோர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும், "என்ன பயிற்சி சொன்னாங்க?" என்றால், "காலை ஆட்டச் சொன்னாங்க" என்பார்கள். ஒரு முறையாவது கூடப் போய், அவர் செய்து காட்டுவதைக் கைபேசியில் அனுமதி கேட்டுப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிடக் காணொளி எங்கள் வீட்டில் நூறு முறைக்கு மேல் ஓடியிருக்கும்.

சர்க்கரையைச் சொல்லாமல் விட முடியாது. 2010 தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறத் தாமதமாகும், மாற்றிய மூட்டில் கிருமி தொற்றும் ஆபத்தும் கூடும். அதனால் மூன்று மாதச் சராசரி அதிகமாக இருந்தால் மருத்துவர்கள் தேதியையே தள்ளிவைப்பார்கள். கோபப்படாதீர்கள். அந்த மாதங்களில் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்து வைத்தால், ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நிற்பது எளிதாகும். நல்லபடியாகப் பொருந்திய முட்டி நீண்ட காலம் உழைக்கும். ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து நாடுகளின் பதிவுகளைத் தொகுத்து 2019இல் வந்த கணக்கின்படி ஐந்தில் நான்கு முட்டிகள் 25 ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன. இரண்டு மாதம் பொறுத்து நன்றாகச் செய்துகொள்வதில் நட்டம் எதுவும் இல்லை.

இரண்டாவது முட்டி

முதல் முட்டி மாற்றி இரண்டு ஆண்டு கழித்து அம்மாவின் வலது முட்டிக்கும் தேதி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவரைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, சோறு பிசைந்து கொடுப்பது அம்மாதான். முதல் முறை அம்மாவைத் தாங்கிய வீடு, இந்த முறை அம்மா தாங்க வேண்டிய வீடாக மாறியிருந்தது. மருத்துவரிடம் அம்மாவே கேட்டார்: "நான் இந்தத் தடவை சமூக மருத்துவமனைக்குப் போகலாமா?" அப்பாவைத் தங்கை உட்லண்ட்ஸ் வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

ஆம்புலன்ஸில் வார்டிலிருந்து நேராகப் போனார். அங்கே அன்றாட வேலைகளைப் பழக்கும் சிகிச்சையாளர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். கட்டில் உயரம், சோஃபா உயரம், கழிவறைப் பீங்கான் உயரம், வாசல் படியின் உயரம், எல்லாவற்றையும் அளந்து படத்தோடு அனுப்ப வேண்டும். படி ஒன்பது சென்டிமீட்டர். மறுநாள் போனபோது பயிற்சிக் கூடத்தில் ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு மரக்கட்டை, பக்கத்தில் ஒரு கம்பி. அம்மா அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் சமையலறையில் நின்று தேநீர் போட்டார், வாக்கரைப் பிடித்தபடி கோப்பையை எப்படி நகர்த்துவது என்று பழகினார். படுக்கையில் முட்டிக்கு அடியில் தலையணை வைக்கவில்லை, சுருட்டிய துண்டு குதிகாலுக்கு அடியில் இருந்தது. அதை அம்மாதான் வைத்தாராம், யாரும் சொல்லவில்லையாம். பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டிக்கும் சைகையால் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வலி எவ்வளவு என்று தாதி கேட்டதற்கு, "ஏழு" என்றார்.

பதினாறாம் நாள் டாக்ஸியில் வந்தோம். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்வது அவருக்கு இப்போது பாடம். லிஃப்ட், தாழ்வாரம், வீட்டு வாசல். நேராகக் கழிவறைக்குப் போனார். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு பொருத்திய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியின் முன்னால் ஒரு நொடி நின்றார். எந்தக் கால் நல்ல கால் என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது. பிறகு இரண்டு ஆண்டுக்கு முன் மாற்றிய இடது காலைத் தூக்கி முதலில் மேலே வைத்தார்.